கையால சுத்துற வாஷிங் மெஷின்: 330 வருஷக் கதையில நம்ம பக்கத்து ஊர்

கொஞ்சம் நீளமான த்ரெட். கட்டைவிரல்ல ஆரம்பிக்குது, பொறுமையா வாங்க.

உங்க கட்டைவிரலை உள்ள மடக்கி, மத்த நாலு விரலால மூடிக்கோங்க. அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமா மெதுவா சாய்ச்சுப் பாருங்க. கட்டைவிரல் அடியில சுளீர்னு வலிச்சா, அங்க ஓடுற ரெண்டு தசைநாண்களோட உறை தடிச்சு இறுகியிருக்கலாம். 1895ல் சுவிஸ் அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி குவெர்வெய்ன் இதை விவரிச்சதால அவர் பேர்லயே நோய்க்குப் பேர். ஆனா அதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல இதுக்கு ஒரு பழைய பேர் உண்டு: 'துணி வெளுக்கிறவளின் சுளுக்கு'. ஈரத்துணியை முறுக்கிப் பிழியறதுதான் காரணம்னு அன்னைக்கே புரிஞ்சு வெச்ச பேர்.

இன்னைக்கு இந்த வலியோட வர்றவங்கள்ல கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வந்த இளம் தாய்மார்கள் நிறைய. ஆனா எங்க ஓ.பி.யில 'துணி துவைப்பீங்களாம்மா?'ன்னு கேட்டா வர்ற பதில், 'பின்ன யாரு துவைப்பா?' அதே கையில நகச்சுத்து இருக்கும், விரலிடுக்கு வெந்து வெளுத்திருக்கும். மருந்து எழுதிட்டு 'தண்ணியில கை வைக்காதீங்க'ன்னு சொல்லணும். சொல்றோம். அது நடக்காதுன்னு எங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

சரி, மெஷின் எப்போ வந்தது? நிறைய பேர் கரண்ட் வந்த பிறகுன்னு நினைக்கிறோம். துணி துவைக்கிறதுக்கும் பயன்படும்னு சொல்லி ஒரு இயந்திரத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கொடுத்தது 1691ல். 1767ல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்துல யாகோப் கிறிஸ்டியன் ஷேஃபர்னு ஒரு பாதிரியார் தன்னோட துவைக்கும் மெஷினைப் பத்திப் படத்தோட புத்தகமே போட்டார். மனுஷன் காளான், பூச்சி பத்தியெல்லாம் ஆராய்ச்சி செஞ்சவர். 1782ல் லண்டன்ல ஹென்றி சிட்ஜியர், மரக்கம்பிகளால ஆன உருளைக் கூண்டை ஒரு தொட்டிக்குள்ள வெச்சு, வெளியில கைப்பிடி மாட்டினார். கைப்பிடியைச் சுத்தினா கூண்டு சுத்தும், துணி சோப்புத் தண்ணியில புரளும். இன்னைக்கு உங்க வீட்டு ஃப்ரண்ட் லோடு மெஷினைத் திறந்து பாருங்க. அதே கூண்டுதான், கைப்பிடி இடத்துல மோட்டார்.

19ஆம் நூற்றாண்டுல இன்னொண்ணு சேர்ந்தது: ரெண்டு உருளைக்கு நடுவுல ஈரத்துணியை விட்டுக் கைப்பிடியைச் சுத்துனா தண்ணி பிழிஞ்சு வரும். கரும்பு ஜூஸ் கடையை நினைச்சுக்கோங்க. நம்ம கட்டைவிரலுக்கு உண்மையான விடுதலை இதுலதான். அப்புறம் 20ஆம் நூற்றாண்டுல இதே உருளைக்கு மோட்டார் வெச்சாங்க. கையால சுத்துறப்போ விரல் மாட்டினா கை தானா நின்னுடும். மோட்டார் நிக்காது. குழந்தைங்க கை முழங்கை வரைக்கும், சில சமயம் அக்குள் வரைக்கும் உள்ள போச்சு. 1938ல் அமெரிக்க மருத்துவ இதழ்ல 'ரிங்கர் ஆர்ம்'னு பேர் வெச்சு எழுதுற அளவுக்கு கேஸ் வந்தது. துவைச்சு, அலசி, தானே பிழியற பெண்டிக்ஸ் ஆட்டோமேட்டிக் மெஷின் வெளிவந்தது 1937ல்.

இந்தக் கைப்பிடி மெஷின் நம்ம ஊர்ல ஏன் வேர் பிடிக்கல? மரமும் ஆசாரியும் நம்மகிட்ட இல்லாமலா? கல்லுல செக்கு செஞ்சவங்க நாம. என் கணிப்பு இது: இங்க துவைக்கிறதுக்கு ஒரு சாதியையே ஒதுக்கி வெச்சிருந்தோம். உவர்மண்ணுல ஊற வெச்சு, வெள்ளாவி அடுக்கி, ராத்திரி நெருப்பு மூட்டி, விடிஞ்சதும் துறையில அடிச்சுத் துவைச்சு, வீடு வீடா திருப்பிக் கொடுப்பாங்க. பல ஊர்ல கூலி ராத்திரிச் சோறும் அறுவடைத் தானியமும்தான். பிரசவத் துணி, தீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவங்க கைக்குத்தான் போகும். இந்தக் கைக்குப் பணமே கொடுக்கலைன்னா, அந்த உழைப்பை மிச்சம் பிடிக்க எவன் மெஷின் செய்வான்?

மருத்துவப் புத்தகத்துல அவங்களுக்கு என்ன இடம் கிடைச்சது தெரியுமா? தொடையிடுக்குப் படர்தாமரைக்கு 'டோபி இட்ச்'. துணியில அடையாளம் போட சேங்கொட்டைச் சாறு வைப்பாங்க. ரெண்டாம் உலகப்போர்ல இந்தியா வந்த அமெரிக்க சிப்பாய்களுக்கு அந்தக் குறி பட்ட இடத்துல தோல் வெந்துச்சு. அதுக்கும் பேர் 'டோபி மார்க் டெர்மடைடிஸ்'. துணி போட்டவனுக்கு வந்த நோய்க்கெல்லாம் வெளுத்தவர் பேர்.

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். திருவண்ணாமலையில இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியா ஆரோவில் போனா, பக்கத்துலயே குயிலாப்பாளையம். டைசன் கம்பெனியில வேலை பார்த்த நவ்ஜோத் சானின்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர், புகை குறைஞ்ச அடுப்பு செய்யற வேலைக்காக அங்க வந்து தங்கினார். பக்கத்து வீட்டுப் பெண் திவ்யா தினமும் மணிக்கணக்கா கையால துவைக்கிறதையும், அதனால அவங்களுக்கு வந்த முதுகுவலி, தோல் எரிச்சலையும் பார்த்தார். எலக்ட்ரிக் மெஷின் அங்க உதவாது, கரண்டும் தண்ணியும் நேரத்துக்குத்தான் வரும். 'உங்களுக்குக் கையால சுத்துற மெஷின் செஞ்சு தர்றேன்'னு வாக்குக் கொடுத்துட்டுப் போனார். 2018ல் 'தி வாஷிங் மெஷின் ப்ராஜெக்ட்' தொடங்கினார். கீரை, காய்கறியைக் கழுவித் தண்ணி வடிக்கச் சுத்துவாங்களே ஒரு பிளாஸ்டிக் கூடை, அதுதான் முதல் யோசனை. மெஷின் பேரு 'திவ்யா'. சுமார் 5 கிலோ துணி பிடிக்கும், துவைச்ச பிறகு அதே கைப்பிடியால சுத்திப் பிழியலாம். பாதித் தண்ணியும் முக்கால்வாசி நேரமும் மிச்சம்ங்கறது அவங்க கணக்கு. இராக் அகதி முகாம் வரைக்கும் போயிருக்கு.

அவருக்கு முன்னாடியே கேரளாவுல, மலப்புரம் மாவட்டத்துப் பள்ளி மாணவி ரெம்யா ஜோஸ், அம்மாவுக்கு உடம்பு முடியாம வீட்டுத் துணி தன் தலையில விழுந்தப்போ, சைக்கிள் பெடலால சுத்துற மெஷின் செஞ்சாங்க. 2005ல் நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷன் விருது கிடைச்சது. என்னைக் கேட்டா கையை விட காலுக்கு வேலை கொடுத்த இந்த யோசனை இன்னும் மேல். தொடைத் தசைக்கு இருக்கிற பலம் மணிக்கட்டுக்கு ஏது? ஆனா அது கடைக்கு வந்து நாம வாங்கற பொருளா ஆகவே இல்ல.

நம்ம அரசாங்கம் 2006ல் இருந்து கலர் டிவி கொடுத்தது, 2011ல் இருந்து மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் மூலைக்குப் போச்சு, துவைக்கிற கல் மட்டும் அப்படியே. 2021 தேர்தல்ல அதிமுக அறிக்கையில இலவச வாஷிங் மெஷின் வந்தது. அப்போ நிறைய பேர் கிண்டல் பண்ணாங்க, 'இதெல்லாம் தேவையா'ன்னு. கிண்டல் பண்ணவங்க வீட்ல துணியை யார் பிழிஞ்சாங்கன்னு எனக்குக் கேட்கத் தோணுச்சு. ஆட்சி மாறினதால அது வரல. வந்திருந்தாலும் குழாய்ல தண்ணி நிக்காம வர்ற வீட்ல மட்டும்தான் ஆட்டோமேட்டிக் மெஷின் ஓடியிருக்கும். ஒரு குடம் ஊத்தி, கைப்பிடி சுத்துற மெஷின் மத்த வீட்டுக்கு.

முதல்ல சொன்ன மாதிரி கட்டைவிரல் வலிச்சா, அரசு மருத்துவமனைக்கு வாங்க. பெரும்பாலும் கைக்கு ஓய்வு, கட்டைவிரல் அசையாம ஒரு பட்டை, தேவைப்பட்டா ஒரு ஊசி, அதுலயே சரியாயிடும். அதுவரைக்கும் போர்வை, ஜீன்ஸ் எதையும் முறுக்காதீங்க. கொடியில அப்படியே போட்டுத் தண்ணி வடிய விடுங்க. இல்ல, வீட்ல இருக்கிற ஆம்பளை கையில கொடுங்க.