பறை, மேடை, மறுப்பு: புதுச்சேரியிலிருந்து சில குறிப்புகள்

ராக் இசைக்குழு ஒன்று புது ஆல்பம் போட்டால் உடனே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ஊருக்கு ஊர் மேடை, போஸ்டர், டிக்கெட், லாரி நிறைய ஸ்பீக்கர். பாட்டை விற்கப் பயணம், பயணத்தை நிரப்பப் பாட்டு. இது வெறும் வியாபாரம்தானே என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். வியாபாரம்தான். ஆனால் அதற்குள் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. எங்கே வாசிப்பது, யார் முன்னால் வாசிப்பது, என்ன பணம், என்ன நிபந்தனை என்று குழு பேசி முடிவு செய்கிறது. ஒத்துவராவிட்டால் வரமாட்டேன் என்கிறது.

1964இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவைச் சுற்றிவந்தபோது, ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் கறுப்பர் தனியாக, வெள்ளையர் தனியாக உட்காரும் கூட்டத்துக்கு வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 11 அன்று பிரிவினை இல்லாமல்தான் கச்சேரி நடந்தது. அடுத்த ஆண்டு சுற்றுப்பயண ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனையை எழுதி வைத்தார்கள்.

நல்ல காரியம். ஆனால் இதே ராக் இசை யாரிடமிருந்து பிறந்தது? கறுப்பர்களின் புளூஸிலிருந்தும் கோயில் பாட்டிலிருந்தும் பிறந்தது. அந்தக் கறுப்புக் கலைஞர்கள் தெற்கு மாநிலங்களில் சுற்றும்போது படுக்க லாட்ஜ் கிடையாது, உட்கார்ந்து சாப்பிட ஓட்டல் கிடையாது. எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கலாம் என்று கறுப்புப் பயணிகளுக்குச் சொல்ல 1936 முதல் 'கிரீன் புக்' என்ற கையேடே போட வேண்டியிருந்தது. அதே இசைதான். ஆனால் 'வரமாட்டேன்' என்று சொல்லும் தெம்பு முதலில் வாசித்தவனுக்கு இல்லை, பின்னால் வந்து கற்றுக்கொண்டவனுக்கு இருந்தது. இந்த இடத்திலிருந்துதான் நம் கதையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்ம ஆளுங்களும் காலங்காலமாக மேளத்தோடு ஊர் சுற்றியவர்கள்தான். சாவுக்குப் போனார்கள், திருவிழாவுக்குப் போனார்கள், தண்டோரா போடப் போனார்கள். அதைச் சுற்றுப்பயணம் என்று யாரும் சொல்லவில்லை. ஊழியம் என்றார்கள், முறை என்றார்கள். 'வந்து அடிடா' என்று ஆள் வரும், போக வேண்டும். கூலி என்று பேசக் கூடாது, போடுவதை வாங்கிக்கொள்ள வேண்டும். அடித்தவன் பேர் யாருக்கும் தெரியாது. 'பறையன் வந்தாச்சா' என்று சாதிப் பேர்தான் விசாரிக்கப்படும். ஊழியத்துக்கும் கச்சேரிக்கும் உள்ள வித்தியாசம் ராகத்திலும் தாளத்திலும் இல்லை. மறுக்க முடியுமா முடியாதா என்பதில் இருக்கிறது.

புதுச்சேரி இதைப் பேசப் பொருத்தமான ஊர். கடலோரம் வெள்ளைக்காரன் பகுதி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கறுப்பர் பகுதி என்று பிரெஞ்சுக்காரன் ஊரைப் பிரித்தான். கறுப்பர் பகுதிக்குள் சாதிக்கொரு தெரு. எல்லாத் தெருவுக்கும் வெளியே சேரி. கர்த்தர் முன்னால் எல்லாரும் ஒன்று என்று சொன்ன கோயிலுக்குள்ளேயும் சுவர் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் அந்தச் செய்தி இருக்கிறது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர்கள், மறுபக்கம் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியர்களும். நடுவில் எதற்குச் சுவர் என்று நம் மக்கள் பெரிய பாதிரியாரிடம் போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஜாக்சன்வில்லுக்கு 219 ஆண்டுகளுக்கு முன்னால், சேர்ந்து உட்காரும் உரிமையைப் புதுச்சேரித் தலித்துகள் கேட்டிருக்கிறார்கள். எழுதி வைத்தவர் நம் ஆள் இல்லை. அதனால் கேட்டவர்களின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை, கேட்ட சேதி மட்டும் கிடைத்திருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இதே கடற்கரையிலிருந்து மேளம் கப்பலேறியது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக்கில் முதல் கூட்டத்தை இறக்கியது. ஏறியவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் கணிசம். மொழி பெரும்பாலும் மறந்துபோன பிறகும் அந்தத் தீவுகளின் மாரியம்மன் பூசைகளில் 'தப்பு' என்ற சொல்லும் அந்தத் தோல்மேளமும் நிலைத்துவிட்டன. மேளத்தின் பேர் கடல் தாண்டியும் தங்கியது. அடித்த கையின் பேர் தங்கவில்லை.

மறுப்பின் வரலாறு புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் எல்.இளையபெருமாள் நடத்திய போராட்டங்களில் முக்கியமானது, இனிப் பறையடிக்க மாட்டோம் என்பது. பின்னாளில் தீண்டாமை குறித்த அகில இந்தியக் குழுவுக்குத் தலைவராகி 1969இல் அறிக்கை கொடுத்த அதே இளையபெருமாள்தான். நாடாளுமன்றத்துக்குப் போனவர் சேரியில் முதலில் சொன்னது: மேளத்தைக் கீழே வை. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. சேரி மேளத்தைக் கீழே வைத்தால் ஊரில் பிணம் எடுப்பது தடுமாறும், சாமி புறப்பாடு தடுமாறும். ஊர் தன்னை ஊர் என்று அறிவித்துக்கொள்வதே நம் மேளத்தால்தான். அதனால்தான் மறுத்த இடங்களில் அடி விழுந்தது, குடிசை எரிந்தது.

1990களில் இது பெரிய விவாதமாயிற்று. பறை இழிவின் சின்னம், தூக்கி எறிய வேண்டும் என்று ஒரு சாரார். பறை நம் கலை, நிமிர்ந்து நின்று அடிக்க வேண்டும் என்று இன்னொரு சாரார். இரண்டு பேரையும் எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். யோசித்துப் பார்த்தால் முதல் கட்சி ஜெயிக்காமல் இரண்டாம் கட்சிக்கு இடமே இல்லை. மாட்டேன் என்று சொல்லும் நிலைமை வந்த பிறகுதான் அடிக்கிறேன் என்பதற்கு அர்த்தம் வருகிறது.

இந்த இரண்டாம் கட்டத்தில்தான் கே.ஏ.குணசேகரன் வருகிறார். சிவகங்கைச் சீமையில் மாரந்தை என்ற கிராமத்துத் தலித் குடும்பத்துப் பிள்ளை. நாட்டார் இசையை ஆய்ந்து பட்டம் வாங்கியவர், நல்ல பாட்டுக்காரர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். தலித் அரங்கின் முன்னோடியான 'பலி ஆடுகள்' நாடகம் அவருடையது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே மக்களுக்கு அவரைத் தெரிந்தது பாட்டால். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையை ஒட்டி இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை மேடை மேடையாகக் கொண்டுபோனவர் அவர்தான். ஒலிநாடாவாகவும் அது ஊர் ஊராகப் போனது.

ராக் குழு ஆல்பத்தை விற்பதற்காகச் சுற்றும். இங்கே கணக்கு தலைகீழ். குழு ஓரிரவு பாடிவிட்டுப் போய்விடும், கேசட் சேரியிலேயே தங்கும். ஒரு கேசட்டிலிருந்து நாலு கேசட் பதிவு செய்துகொள்வார்கள். டீக்கடையில் ஓடும், அம்பேத்கர் ஜெயந்தி அன்று குழாய் ஸ்பீக்கரில் ஓடும். குழு போகாத ஊரிலும் பாட்டு போய்ச் சேரும். வரும்படி கம்மிதான். ஆனால் 'நாங்களும் மனுசங்கடா' என்று சொல்லிப் பழக ஒரு தலைமுறைக்கு அது போதுமானதாக இருந்தது.

குணசேகரன் 2005இல் 'வடு' என்று தன்வரலாறு எழுதினார். சின்ன வயதில் இளையான்குடி இசுலாமியர்கள் தன்னைச் சமமாக நடத்தியதையும், சாதி இந்துக்களின் ஊர்களில் பட்ட அவமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். கிராமத்திலிருந்து அவர் கண்டெடுத்து மேடையேற்றிய சின்னப்பொண்ணுவின் குரலை 2008இல் 'நாக்க முக்க' பாட்டில் நாடே கேட்டது. 2016 ஜனவரியில் புதுச்சேரியிலேயே குணசேகரன் காலமானார்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, 2018 ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லாட்சியிலிருந்து எடுத்த பேர். கிடாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் கட்ட மோளமும் இன்னொரு பக்கம், நடுவில் கானாவும் ராப்பும். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றிப் பாட்டு. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாவுக்குச் சவுண்ட் என்ஜினியர் வந்தார், போஸ்டரில் பேர் வந்தது. ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி பாடினார். சபாக்களின் மார்கழியிலேயே 'மார்கழியில் மக்களிசை' என்று 2020இல் தொடங்கி, 2021இல் மதுரை, கோவை, சென்னை என்று பயணமாகவும் போனார்கள். குணசேகரன் கேசட்டில் அனுப்பியதை இவர்கள் மின்சாரத்தில் ஏற்றி அனுப்பினார்கள் என்று சொல்லலாம்.

ஆனால் பேர் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? அந்தக் குழுவில் பாடிய அறிவு, தீயுடன் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்து உலகம் பூராவும் ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து வந்த வரிகள் என்றார் அறிவு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் அவர் இல்லை. கேள்வி எழும்பியது, பிறகு அவருக்கும் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அவர் இல்லாமல் பாடப்பட்டது. பாட்டு தன் உழைப்பு என்றார் அறிவு. கூட்டு உழைப்பு என்று விளக்கினார் இசையமைத்த சந்தோஷ் நாராயணன். அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசு வரவில்லை என்று 2024இல் அவரே சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுத இந்தக் கட்டுரை வரவில்லை. பாட்டு போகிறது, பாடியவன் எங்கே என்ற 1853இன் கேள்வி 2021இலும் கேட்க வேண்டியிருந்தது என்பதைத்தான் குறிக்கிறோம். அறிவு அந்த இடத்திலேயே நிற்கவில்லை. 2024இல் பாட்டியின் பேரையே தலைப்பில் வைத்து 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஆல்பம் போட்டார்.

புதுச்சேரியில் ஜூன் 21 வந்தால், 1982இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருவிழாவின் வழியில் இங்கும் கிடார் கேட்கிறது. ராக் குழுக்கள் வருகின்றன. வரட்டும். பறையையும் மேடையில் பார்க்கிறோம், கை தட்டுகிறோம். தோழர்கள் அங்கே போனால் சில கேள்விகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பறையடிக்கிறவர் பேர் போஸ்டரில் இருக்கிறதா? கிடார்காரருக்குப் பேசிய பணம் அவருக்கும் பேசியதா? எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? அந்த மேடை வாய்க்காலைத் தாண்டி, தெருக்களைத் தாண்டி, சேரிக்கு எப்போது வரும்? கடைசியாக ஒன்று: அவர் இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால், நாளைக்குத் தன் ஊரில் நிம்மதியாக நடமாட முடியுமா? முடியும் என்றால் அது கச்சேரி. முடியாது என்றால், எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் கட்டினாலும், அது பழைய ஊழியம்தான்.