கட்டிலுக்குக் கீழே ஒரு பாய்

அரசுப் பெரியாஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்க்கும்போது, என்ன வியாதி என்று கேட்டு முடிப்பதற்குள் இன்னொரு கேள்வி வந்துவிடும்: "கூட யார் இருக்கா?" அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்பவர் பெரும்பாலும் ஒரு பெண், மனைவி, தாய், மகள் அல்லது மருமகள். அன்று இரவு முதல் அவருடைய படுக்கை கட்டிலுக்குக் கீழே விரித்த பாய். நோயாளியின் உடம்பைத் துடைத்துவிடுவது, மலசலப் பாத்திரம் வைத்து எடுப்பது, ரத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது, எக்ஸ்ரே எடுக்க ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது, குளுக்கோஸ் பாட்டில் தீரும் நேரம் பார்த்து சிஸ்டரைக் கூப்பிடுவது எல்லாம் அவர் வேலை. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத இந்த ஊழியரைப் பற்றி நம்மிடம் ஒரே விளக்கம்தான் உண்டு: நம் குடும்பப் பாசம் அப்படி, நோயாளியைத் தனியே விட நமக்கு மனம் வராது. இந்த விளக்கம் பாதி உண்மை. மீதிப் பாதி, சென்னையின் பழைய மருத்துவமனைகளின் வரலாற்றில் இருக்கிறது. அதைப் பார்த்தால், துணை ஆள் நம் பண்பாட்டிலிருந்து மட்டும் வந்தவர் அல்ல, யாரும் நியமிக்காமல் விட்ட ஒரு வேலையை நிரப்ப வந்தவர் என்பது தெரியும்.

சென்னையில் மேற்கத்திய மருத்துவமனை தொடங்கியதே சொந்தபந்தம் இல்லாதவர்களுக்காகத்தான். 1664 நவம்பரில், எட்வர்ட் விண்டர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்தபோது, ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு வீட்டை எடுத்து நோயுற்ற சிப்பாய்களை அங்கே வைத்தார்கள். கடல் கடந்து வந்த அந்தச் சிப்பாய்க்குப் பக்கத்தில் தாயும் இல்லை, மனைவியும் இல்லை. கஞ்சி காய்ச்சவும் புண்ணைக் கழுவவும் கம்பெனியே ஆள் வைத்தாக வேண்டும், இல்லையென்றால் அவன் சாவான். அவன் செத்தால் கோட்டைக்குக் காவல் குறையும். ஆகவே பராமரிப்பு என்பது முதல் நாளிலிருந்தே நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. கவர்னர் எலைஹு யேல் காலத்தில் கோட்டைக்குள்ளேயே இடம் மாறிய அந்த மருத்துவமனை, பிரெஞ்சுக்காரர்களுடனான போர்களுக்குப் பிறகு வெளியே வந்து, 1772இல் இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இடத்தில் நிலைகொண்டது. இந்தியர்களுக்கு அதன் கதவு திறந்தது 1842 வாக்கில்தான். ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் அது குடும்பம் அருகில் இல்லாத ஆண்களின் மருத்துவமனை.

ஊர் மக்களின் மருத்துவமனைக்கு வேறொரு பிறப்பு. ஹைதர் அலியுடனான போரை ஒட்டிய பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து சனங்கள் பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் வடசென்னையில் உண்டானது மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் அது 'மோனிகர் சவுல்ட்ரி' ஆயிற்று. பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் உள்ளூர் மக்களுக்கென்று ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் சத்திரமும் மருத்துவமனையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1910இல் அரசு ஏற்றுக்கொண்டு ராயபுரம் மருத்துவமனை ஆன அந்த இடம்தான், 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்ற பெயர் பெற்றது. ஆனால் வடசென்னைக்காரர்களுக்கு அது பல தலைமுறைகளாகக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'. இந்தப் பெயரைப் பலரும் ஏளனப் பெயர் என்று எண்ணுகிறார்கள். எனக்கு அது ஒரு வரலாற்று ஆவணமாகவே படுகிறது. ஒரு மருத்துவமனையின் முதல் மருந்து சோறு என்பதை ஊர் மறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. சத்திரத்துக்கு வந்தவனும் கோட்டைச் சிப்பாயைப் போலவே உறவை இழந்தவன், அல்லது உறவும் சேர்ந்து பட்டினி கிடந்தவன். அவனிடம் போய்த் துணைக்கு யார் என்று கேட்டிருக்க முடியாது. சென்னையின் இரண்டு பெரிய பொது மருத்துவமனைகளின் வேரும் இப்படித் துணையற்றவர்களுக்காக ஊன்றப்பட்டது என்றால், துணை ஆள் எப்போது, எப்படி உள்ளே வந்தார்?

வீடும் உறவும் உள்ளவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரத் துணிந்த பிறகு வந்தார். இங்கே எழும் மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்: மக்களே அப்படித்தானே கேட்டார்கள்? சாதி பார்த்த சமூகம், யாரோ சமைத்ததை உண்ண மறுத்தது; யாரோ கொடுத்த தண்ணீரைக் குடிக்க மறுத்தது; பெண்ணை வேற்று ஆண் தொட்டுப் பார்ப்பதை மறுத்தது. உண்மைதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப் முன்னின்று 1885இல் தொடங்கிய மருத்துவமனையின் பெயரே சாதிப் பெண்களுக்கும் கோஷா, அதாவது பர்தா முறைப் பெண்களுக்குமான மருத்துவமனை என்பதுதான். திருவல்லிக்கேணியில் இன்றும் பழைய ஆட்கள் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்கிறார்கள். இந்தச் சாதிப் பிடிவாதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அது எதை விளக்குகிறது, எதை விளக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து சாப்பாடு வந்ததை அது விளக்கும். அறுவை சிகிச்சை முடிந்தவரின் ஸ்ட்ரெச்சரை அவருடைய மகனே தள்ளுவதை விளக்காது. உணவுக்காகவும் மறைவுக்காகவும் உறவினரை அனுமதித்த நிர்வாகம், மெல்ல மெல்ல மற்ற வேலைகளையும் அவர் தலையில் வைத்துவிட்டது. வைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் நர்ஸ் இல்லை என்பதே.

டாக்டரை உருவாக்க அரசு காட்டிய அவசரத்தையும் நர்ஸை உருவாக்கக் காட்டிய தாமதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1835; அது கல்லூரி ஆனது 1850. மருத்துவச்சிகளுக்கு அரசு பயிற்சிப் பள்ளி அனுமதித்தது 1854. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அந்தப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியதோ 1871இல். அதுவும் ஏற்கெனவே பிரசவம் பார்க்கும் பயிற்சி முடித்தவர்களைக் கொண்டுதான். இந்தியாவின் முன்னோடிப் பயிற்சிகளில் ஒன்று அது. அந்தப் பெருமை சென்னைக்கு உண்டு. ஆனால் மருத்துவப் பள்ளிக்கும் அதற்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள். சட்டத்திலும் இதே வரிசைதான்: சென்னை மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1914இல் வந்தது, நர்ஸ்கள், மருத்துவச்சிகளுக்கான சட்டம் 1926இல். இதன் விளைவை, நாட்டின் மருத்துவ நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் 1946ஆம் ஆண்டு அறிக்கை எண்ணிக் காட்டியது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். மொத்த நர்ஸ்கள் ஏறக்குறைய 7,000. ஒரு நர்ஸுக்கு ஏழு டாக்டர் என்ற கணக்கு இது; மருத்துவமனை ஓட வேண்டுமானால் கணக்கு இதற்குத் தலைகீழாக இருக்க வேண்டும். டாக்டர் ஒருமுறை வந்து பார்த்து எழுதிவிட்டுப் போவார். எழுதியதை நாள் முழுக்கச் செய்ய ஆள் வேண்டும். ஏழு டாக்டர் எழுதியதை ஒரு நர்ஸ் செய்ய முடியாது என்னும்போது, மீதியைச் செய்தவர் யார்? பாயில் படுத்திருந்தவர்தான்.

நர்ஸ் வேலைக்குப் பெண்கள் வராததற்கும் சாதியே காரணம் என்பார்கள். ரத்தத்தையும் சீழையும் மலத்தையும் தொடுவது தாழ்ந்தவர் வேலை என்று வகுத்துவைத்த சமூகத்தில், தன் பெண்ணை இரவு நேரத்தில் வேற்று ஆண்களின் உடம்பைத் துடைக்க அனுப்ப யார் சம்மதிப்பார்? ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்தும் கிறித்தவக் குடும்பங்களிலிருந்தும் வந்த பெண்களே நெடுங்காலம் இந்தத் தொழிலைத் தாங்கினார்கள். பின்னாளில் கேரளத்துப் பெண்கள். 'சிஸ்டர்' என்று நாம் கூப்பிடும் சொல்லிலேயே அந்த வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தத் தடை உடைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்று தமிழ்நாட்டின் எல்லாச் சாதியிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் நர்ஸிங் படிக்கிறார்கள். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்ற பழைய பதில் இனிச் செல்லாது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு எழுதி வந்த ஆயிரக்கணக்கான நர்ஸ்களுக்கு அரசு கொடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனாக் காலத்தில் அவசரமாகச் சேர்த்துக்கொண்ட நர்ஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் கடைசி நாளோடு வேலை முடிந்தது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவு. எந்தப் பெரியாஸ்பத்திரியிலும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு வார்டில் நின்று எண்ணிப் பார்த்தால் போதும், இந்த அளவுக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் தெரியும்.

இந்த இடைவெளியில்தான் வார்டின் எல்லாச் சண்டைகளும் பிறக்கின்றன. எத்தனையோ கட்டில்களுக்கு ஊசியும் மாத்திரையும் கொடுத்து, ஒவ்வொன்றையும் ரிஜிஸ்டரில் எழுதி, புதிதாக வந்த கேஸையும் பார்க்கும் சிஸ்டர், பதினோராவது முறை கூப்பிடும்போது எரிந்து விழுகிறார். ஆஸ்பத்திரியில் மரியாதை இல்லை என்று உறவினர் வெளியே போய்ச் சொல்கிறார். வார்டு பாயும் ஆயாவும் துப்புரவுப் பணியாளரும் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். கையில் வரும் கூலி குறைவு. ஸ்ட்ரெச்சர் தள்ளுவது யாருடைய கடமை என்பது தெளிவாக இல்லாத இடத்தில் அதற்கு ஒரு விலை வந்துவிடுகிறது. கைக்காசு வாங்குவது தவறுதான், அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் ஐம்பது ரூபாய் கேட்ட ஆயாவின் மீது மட்டும் விழும் கோபம், ஆள் போடாமல் விட்ட நிர்வாகத்தின் மீது விழுவதே இல்லை என்பது என்னை வருத்துகிறது. பாயில் படுப்பவரும் சிஸ்டரும் ஆயாவும் ஒரே பற்றாக்குறையின் மூன்று பக்கங்களில் நிற்கும் பெண்கள். அவர்களை எதிரெதிரே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

துணை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. வலியில் கிடப்பவருக்குத் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது மருந்துக்குச் சமம். நான் கேட்பது, பக்கத்தில் இருப்பதையும் வேலை பார்ப்பதையும் ஏன் ஒன்றாக்கினோம் என்பது. இரண்டும் வேறு என்பதற்கு மருத்துவமனையே சான்று தருகிறது. பிரசவ அறையைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்குத் தாயின் கை மிகவும் தேவைப்படும் நேரம் அது. ஆனால் அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைக்குள் பல பத்தாண்டுகள் துணையை விடவில்லை. பிரசவத் துணைத் திட்டம் வந்த பிறகே அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. ஆறுதல் மட்டுமே தேவைப்பட்ட இடத்தில் உறவினரை வெளியே நிறுத்திய அதே அமைப்பு, கைவேலை தேவைப்பட்ட பொது வார்டில் அவரை உள்ளே வைத்துக்கொண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு இன்னொரு சான்று. அங்கே பொது வார்டைவிட நர்ஸ்கள் அதிகம், குடும்பம் வெளியே நிற்கிறது. எந்தப் பண்பாடும் அதற்குக் குறுக்கே வரவில்லை. மருந்து மூன்றாவது சான்று. சீட்டை எடுத்துக்கொண்டு வெளிக் கடைக்கு ஓடுவதும் ஒருகாலத்தில் துணை ஆளின் வேலையாகத்தான் இருந்தது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்து, மருந்தை மொத்தமாக வாங்கிக் கிடங்குகள் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு அந்த ஓட்டம் பெருமளவு நின்றது. பழக்கம் என்று எண்ணியிருந்தது, சரியான ஏற்பாடு வந்ததும் போய்விட்டது.

செலவைத் தாங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் செலவு இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது, கட்டுபவர் வேறு. பத்து நாள் பாயில் படுத்த பெண், பத்து நாள் கூலியை இழந்திருக்கிறார். வீட்டில் விட்டுவந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெண்ணும் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறார். அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. பெரியாஸ்பத்திரி வளாகங்களில் அம்மா உணவகம் வந்ததும், துணைக்கு வந்தவர்கள் படுக்க மாநகராட்சி தங்குமிடம் கட்டியதும் நல்ல காரியங்கள். கஞ்சித்தொட்டியின் வழிமுறையிலேயே வந்தவை அவை. ஆனால் அவர் தங்கவும் உண்ணவும் இடம் செய்துவிட்டு, அவர் செய்யும் வேலைக்கு ஆள் போடாமல் இருப்பது அவரை நிரந்தரமாக்குவதாகவே முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, துணை ஆளை நம்பி ஓடும் வார்டில் துணை இல்லாதவர் என்ன ஆகிறார் என்பதே இந்த ஏற்பாட்டின் உரைகல். பிள்ளைகள் கைவிட்ட கிழவர், வீட்டைவிட்டு வந்த பெண், தெருவில் மயங்கி விழுந்து ஆம்புலன்ஸில் வந்தவர். அவர்களுக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் தண்ணீர் ஊற்றுகிறார். இந்த வரிசையில் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். வீட்டைவிட்டு வெகுதூரம் வந்து, ஊர் மொழி தெரியாமல், பக்கத்தில் உறவு இல்லாமல் கிடக்கும் உழைப்பாளி: 1664இல் கோட்டைக்குள் வீடு பிடித்து, ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டது இப்படிப்பட்ட ஒருவரைத்தான். கால் முறிந்து கிடக்கும் அவரிடம் இன்று வார்டில் முதலில் கேட்கப்படுவது, அவருக்குப் புரியாத தமிழில், கூட யார் இருக்கா என்பது.