யாருடைய பிள்ளை?
திருநர் இளையோர், குடும்பம், பள்ளி: ஒரு வரலாற்றுப் பார்வை



மறைந்தவரைப் பற்றிப் பேச வேண்டியதை எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறைவாகப் பேசிவிட்டார்கள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இப்போதெல்லாம் நம் தெருக்களிலிருந்து பெற்றோரும் சில ஆசிரியர்களும் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். பிள்ளை தன்னைப் பெண் என்கிறது, அல்லது ஆண் என்கிறது, பள்ளிக்கூடத்தில் கேலி தாங்க முடியவில்லை, யாரிடம் போவது? இதற்குச் சில முகவரிகளைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த முகவரிகள் ஏன் இவ்வளவு குறைவு, ஏன் இவ்வளவு காலங்கடந்து வந்தன என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் நடுவில் ஓர் எளிய கேள்வி நிற்கிறது. திருநர் பிள்ளை யார் வீட்டில் வளரலாம்?

குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கள்ளர், குறவர் மீது ஏவப்பட்ட ரேகைச் சட்டமும் 1920இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும்தான். அந்தச் சட்டத்தின் முதல் வடிவம் 1871இல் வந்தது. அதற்கு இரண்டாவது பகுதி ஒன்று உண்டு என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை. அந்தப் பகுதி முழுக்க முழுக்க, ஆங்கிலேயர் ‘யூனக்’ என்று எழுதிய மக்களைப் பற்றியது, ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்றோ, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவில் வரும் குற்றத்தைச் செய்கிறார்கள் என்றோ சந்தேகம் இருந்தால் போதும், பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம். பதிவானவர் பெண் உடையில் பொது இடத்தில் தோன்றினால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம்.

இவை ஓரளவு தெரிந்த செய்திகள். அதிகம் பேசப்படாதவை இன்னும் இரண்டு. பதிவானவர் தம் வீட்டில் 16 வயது நிறையாத சிறுவன் எவனையும் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. அவர் யாருக்கும் பாதுகாவலராக இருக்க முடியாது, மகனைத் தத்தெடுக்க முடியாது, உயில் எழுத முடியாது, சொத்தைத் தானமாகத் தர முடியாது. அதாவது உடையையும் ஆட்டத்தையும் தடுத்த அதே சட்டம், ஒரு குடும்ப முறையையும் உடைக்கப் பார்த்தது. குருவுக்குப் பிறகு சேலா, அவருக்குப் பிறகு அவர் சேலா என்று கைமாறி வந்த வீடும் பொருளும் அத்தோடு நின்றுபோக வேண்டும் என்பதே நோக்கம். வடமேற்கு மாகாணங்களில் காவல்துறை இந்த வீடுகளில் இருந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்து அப்புறப்படுத்தியதை ஜெசிகா ஹின்சி 2019இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

1871ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வரவில்லை. ஆனால் ‘அவர்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்’ என்ற பயத்துக்கு மாகாண எல்லை கிடையாது. நம் ஊர்களில் அழுகிற குழந்தையை அடக்க இன்றும் அந்தப் பயம்தான் பயன்படுகிறது. யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போக வேண்டிய தேவை இருந்ததில்லை. பிள்ளைகள் தாங்களாகவே வெளியேறினார்கள். ஏன் வெளியேறினார்கள் என்று கேட்டால் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சதாராவில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அண்ணல் அம்பேத்கர் தனியாக ஒரு சாக்குத் துணியில் உட்கார வைக்கப்பட்டதை நாம் எல்லோரும் அறிவோம். தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த தலித் திருநங்கை, பின்னாளில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை கிரேஸ் பானு, தன் பள்ளிப் பருவத்தைப் பற்றிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் வந்த பிறகுதான் வர வேண்டும், அவர்கள் கிளம்பும் முன்பே போய்விட வேண்டும் என்பது அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. சாக்குத் துணி இடத்தால் ஒதுக்கியது; இது நேரத்தால் ஒதுக்கியது. தீண்டாமையைப் படித்த எவருக்கும் இரண்டும் ஒரே கை செய்த வேலை என்பது புரியும். திருநர் வெறுப்பைப் பார்ப்பனியத்தின் ஒரு வடிவம் என்று லிவிங் ஸ்மைல் வித்யா சொன்னபோது சிலருக்கு அது மிகையாகப் பட்டது. எனக்கு அது விவரிப்பாகவே படுகிறது.

வித்யாவின் ‘நான் வித்யா’வை நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் படியுங்கள், ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ நூலையும் சேர்த்துப் படியுங்கள். வித்யாவின் நூலை நான் ஒரு தலித் குடும்பத்தின் வரலாறாகவும் படிக்கிறேன். படித்து மேலே வந்துவிட வேண்டும் என்ற தந்தையின் ஆசை பிள்ளையின் மேல் அடியாகவும் விழுகிறது. நம் வீடுகளில் ஒரு பிள்ளையின் படிப்பு அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல. முதல் தலைமுறையாகப் படிப்பவரின் தோளில் மொத்தக் குடும்பமும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளை ‘நான் பையன் இல்லை’ என்று சொல்லும்போது பெற்றோர் காதில் விழுவது ‘நம் கதை முடிந்தது’ என்பதுதான். அடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இந்தப் பயத்தோடு பேசாமல் அந்தப் பெற்றோரோடு பேச முடியாது. வசதியான குடும்பங்களுக்காக எழுதப்பட்ட ஆலோசனைக் கையேடுகள் நம் தெருவில் எடுபடாமல் போவதற்குக் காரணமும் இதுதான். வித்யா தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலை முடித்தவர். அந்தப் பட்டமும் அவரைத் தெருவிலிருந்து காக்கவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார்.

அரசு எப்போது விழித்தது? தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பதில் அவ்வளவு மோசமில்லை. 2006 டிசம்பரில் சமூக நலத்துறை வெளியிட்ட அரசாணை, பாலினத்தைக் காரணம் காட்டிப் பள்ளி, கல்லூரிகளில் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றது. குடும்பம் பிள்ளையைக் கைவிட்டுவிடாமலிருக்கப் பெற்றோருக்கு ஆலோசனை தர வேண்டும் என்றும் அது சொன்னது. 2008 ஏப்ரல் 15இல் நலவாரியம் அமைந்தது, இந்தியாவிலேயே முதலாவது. ஆறாண்டு கழித்து 2014இல், அதே ஏப்ரல் 15 அன்று, உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்பளித்தது. தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

ஆனால் அரசாணை தலைமையாசிரியர் மேசை வரை போகும். வகுப்பறைக்குள் போக ஆசிரியர் வேண்டும். ஆசிரியருக்குச் சொல்லித்தர ஒரு முயற்சி 2021இல் நடந்தது. திருநர் குழந்தைகளைப் பள்ளிக் கல்வியில் சேர்த்துக்கொள்வது குறித்து என்சிஇஆர்டி ஓர் ஆசிரியர் பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது. தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் எதிர்ப்புத் தெரிவித்தது. சில நாட்களிலேயே கையேடு இணையதளத்திலிருந்து காணாமல் போனது. குழந்தைகளின் உரிமைக்காக இருக்கும் ஆணையம் எந்தக் குழந்தைகளைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அன்று தெரிந்தது.

அதே ஆண்டு ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு இதற்கு நேர்மாறானது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் தொடுத்த வழக்கு அது. இந்த விஷயம் தமக்கே புரியவில்லை என்று சொல்லி, அவர் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் பெற்றோரிடம் பேசுவது, பாலினப் பொதுக் கழிப்பறை, கல்விச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றித் தருவது, மனத்தை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை என்று அந்த உத்தரவு நீள்கிறது. இங்கிருக்கும் மாணவர்கள் அதைப் படியெடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி நிர்வாகத்தோடு பேசப் போகும்போது பயன்படும்.

இடஒதுக்கீட்டைச் சொல்லாமல் பள்ளியைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. 2011 கணக்கெடுப்பில் ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் 4,87,803 பேர். அவர்களில் 78,811 பேர் பட்டியல் சாதியினர், ஏறத்தாழ ஆறில் ஒருவர். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் 54,854 பேர். இந்த எண்ணில் பதிவுப் பிழைகளும் கலந்திருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும், அந்தக் கேள்விக்குக் குழந்தை பதில் சொல்லியிருக்காது, வீட்டில் ஒரு பெரியவர்தான் சொல்லியிருப்பார். 2015இல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நல்லெண்ணம்தான். ஆனால் ஒரு பறையர், ஒரு அருந்ததியர் திருநங்கை என்ன செய்வார்? பட்டியல் சாதி என்று நின்றால் திருநங்கை என்பதற்கு எதுவும் இல்லை. திருநங்கை என்று போனால் சாதி வழி வந்த உரிமை போகிறது. பாலினத்தையே ஒரு சாதியாக்கிய ஏற்பாடு அது. எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் குறுக்காகச் செல்லும் கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானுவும் தோழர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது இதனால்தான். கர்நாடகம் 2021இல் அரசு வேலையில் ஒரு விழுக்காடு அப்படித் தந்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் நம் 2015 அரசாணையை ரத்து செய்து, கிடைமட்ட ஒதுக்கீடே சரி என்றது.

இனி வீட்டுக்குத் திரும்புவோம்.

2019இல் நாடாளுமன்றம் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டை விட்டு, ஊரை விட்டுத் துரத்துவது குற்றம் என்கிறது, நல்லது. எந்தப் பிள்ளையையும் திருநர் என்ற காரணத்துக்காகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. அதுவும் நல்லதாகவே தெரிகிறது. ஆனால் பெற்றோரே அடித்தால்? அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. குடும்பம் என்றால் இரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து, இந்த மூன்றும்தான். சேர்த்துக்கொண்டு சோறு போட்ட அம்மா அந்த வரையறைக்குள் வரமாட்டார். 1871 சட்டம் அவரைத் தத்தெடுக்கக் கூடாது என்றது. 2019 சட்டம் அவரைத் தடுக்கவில்லை, கண்ணில் படாதவராக ஆக்கிவிட்டது.

ஜமாத் வீடுகளை நான் புனிதப்படுத்தவில்லை. அங்கும் கடன் உண்டு, அடி உண்டு. கடைகேட்கப் போ என்ற நிர்ப்பந்தம் உண்டு. படிக்க வேண்டிய வயதில் ஒரு பிள்ளை அங்கே போய்ச் சேர்வது நாம் விரும்பத்தக்க முடிவல்ல. திருநம்பிகளுக்கோ அப்படி ஒரு வீடுகூட இல்லை. அவர்களைப் பூட்டி வைப்பதும் அவசரக் கல்யாணம் செய்துவைப்பதும்தான் நடக்கிறது. ஆனாலும் அதே வளர்ப்பு முறையிலிருந்து வேறொன்றும் வளர்ந்திருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வீட்டை விட்டு வந்த தாரிகா பானுவைக் கிரேஸ் பானு மகளாக ஏற்றுக்கொண்டு சென்னையில் அரசுப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தார். 2017இல் தாரிகா பிளஸ் டூ முடித்தார். மதிப்பெண் தகுதியைக் காட்டிச் சித்த மருத்துவ இடம் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் போய் அந்த இடத்தைப் பெற்றார்கள். எந்த மறுவாழ்வு மையம் இதைச் செய்திருக்கும்?

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்கிறேன்; வழக்கறிஞர் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2019 சட்டப்படி திருநர் அடையாளச் சான்றிதழை மாவட்ட ஆட்சியரிடம் பெறலாம். 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோதான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டை விட்டு வந்த 16 வயதுப் பிள்ளைக்கு யார் விண்ணப்பிப்பது? சான்றிதழ் இல்லையென்றால் அதைக் கேட்கும் எந்தச் சலுகைக்கும் வழியில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு, உரிய விசாரணைக்குப் பிறகு, ஒரு பிள்ளையைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவர் என்று ஒருவரை ஏற்கலாம், 52ஆவது பிரிவு. அவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. ஒரு திருநங்கை அம்மா ஏன் அப்படி ஏற்கப்படக் கூடாது? பிள்ளை வந்தவுடன் 1098க்குச் சொல்லி, மறைக்காமல் குழுவின் முன் அழைத்துப் போய், பள்ளியில் சேர்க்கும் உறுதியோடு மனுக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு வழக்கறிஞரும், முடிந்தால் பிள்ளையை அறிந்த ஓர் ஆசிரியரும் போக வேண்டும். குழு மறுத்துச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினால், மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். உயர் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போக அந்தத் தாள் வேண்டும்.