புழுங்கல் அரிசி: ஒரு அறிவின் சரித்திரம்

நாட்டு விவசாயம், நாட்டு வைத்தியம் என்று பேச்சு எழுந்தவுடன் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சியைக் கேட்டால், சித்தர்கள் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி வைத்திருந்தார்கள், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்பார்கள். மற்றக் கட்சிக்கு ஏட்டில் இருப்பது மூடத்தனம். சோதனைச்சாலையில் நிரூபணமாகாத எதுவும் அறிவு ஆகாது. இரு கட்சிக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு. அறிவு என்றால் அது எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது யாராவது வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கப் புழுங்கல் அரிசியின் கதை உதவும். வீட்டுச் சாப்பாட்டு விஷயமாதலால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

1

பெரிபெரி என்ற நோய் இன்று கிட்டத்தட்ட மறந்துபோய்விட்டது. கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சென்னை ராஜதானியில் இந்நோய் குறிப்பாக வட சர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடலோரப் பிரதேசத்தில் இருந்தது. மால்கம்சன் என்ற கம்பெனி வைத்தியர் 1835-ல் சென்னையில் இதைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். ஈரம், குளிர், கெட்ட காற்று என்று அந்தக் காலத்து வைத்தியம் எல்லா இடத்திலும் காரணத்தைத் தேடியது. சோற்றுப் பானைப் பக்கம் மட்டும் அழுத்தமாகத் திரும்பவில்லை.

நீராவி ஆலைகள் பரவிய பிறகு நோய் ஆசியா முழுவதும் பெருகியது. கப்பற்படை, ராணுவம், சிறை, சுரங்கம், பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று, மனிதர்களை ஒன்றாக அடைத்து ஒரே மாதிரி உணவைக் கொடுக்கும் இடங்களில் எல்லாம் அது வந்தது. ஜப்பானியக் கப்பற்படையில் தகாகி என்ற வைத்தியர் 1880-களில் சாப்பாட்டை மாற்றி நோயை ஏறக்குறைய ஒழித்தார். புரதக் குறைவே காரணம் என்று அவர் நினைத்தார், அது தவறு. ஜாவாவில் டச்சு வைத்தியர் எய்க்மான், ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதைக் கண்டார். புதிதாக வந்த சமையற்காரன், ராணுவச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டான். மட்ட அரிசியைத் தின்று கோழிகள் தேறிவிட்டன. அரிசி மாவில் ஏதோ விஷம் இருக்கிறது, அதற்கு மாற்று தவிட்டுத் தோலில் இருக்கிறது என்று எய்க்மான் முடிவு கட்டினார். அதுவும் முழுச் சரி அல்ல. அவருடைய நண்பர் வோர்டர்மான் ஜாவாவின் 101 சிறைகளில் ஏறக்குறைய 2,80,000 கைதிகளைக் கணக்கெடுத்து 1897-ல் அறிக்கை தந்தார். தவிடு நீங்காத அரிசி தின்ற சிறைகளில் பெரிபெரி 10,000 பேருக்கு ஒருவர். தீட்டிய அரிசி தின்ற சிறைகளில் 39 பேருக்கு ஒருவர்.

தகாகியும் எய்க்மானும் கண்ட பரிகாரம் சரி, சொன்ன காரணம் தவறு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மலாயாவுக்குப் போக வேண்டும்.

2

மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் சீனர்கள், தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் தமிழர்கள், கம்பங்களில் மலாய்க்காரர்கள். மூவரும் தின்றது அரிசிதான். சீனர்கள் ஆயிரக்கணக்கில் பெரிபெரியால் செத்தார்கள். தமிழர்களுக்கு அது அநேகமாக வருவதே இல்லை. பிராடன் என்ற வைத்தியர் இதைக் கவனித்து 1907-ல் ஒரு நூல் எழுதினார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்தித் தின்றார்கள். தமிழர்கள் விரும்பித் தின்றது புழுங்கல் அரிசி. பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு வளர்கிறது என்பது பிராடனின் சித்தாந்தம். காரணம் மறுபடியும் தவறு, ஆனால் கண் சரியான இடத்தில் பட்டுவிட்டது.

கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஃபிளெச்சர் என்பவர் 1905, 1906-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கல். கட்டடத்தால் நோய் வருகிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க நடுவில் இருப்பிடத்தையும் மாற்றினார். பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் இறக்கவில்லை. அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் காட்டில் சாலை போட வந்த 300 ஜாவாக் கூலிகளை இரண்டாகப் பிரித்து இதே சோதனையைச் செய்தார்கள். முடிவும் இதேதான். பின்பு அவர்கள் தவிட்டை ஆராய்ந்தார்கள். தவிட்டில் இருந்த பொருள் 1926-ல் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்டது. 1936-ல் அமெரிக்காவில் செயற்கையாக ஆக்கப்பட்டது. அதைச் சாதித்த வில்லியம்ஸ் 1886-ல் நெல்லூரில் பாதிரிக் குடும்பத்தில் பிறந்தவர். பி1 வைட்டமின் என்றும் தயாமின் என்றும் இன்று மாத்திரையாக விற்பது அதைத்தான்.

கையெழுத்துப் போடாத நோயாளிகளையும் கூலிகளையும் வைத்து நடந்த சோதனைகள் இவை. அவர்களிடம் சம்மதம் கேட்பது அந்தக் காலத்து வழக்கம் அல்ல. இந்த உண்மைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் இந்த அறிவின் சரித்திரத்தில் சேர்ந்ததுதான்.

3

தோட்டக் கூலியாகப் போன தமிழன், கப்பலேறும்போது வைட்டமினைத் தெரிந்துகொண்டு போகவில்லை. அவனுக்குத் தெரிந்தது இந்தச் சோறுதான் வயிற்றில் நிற்கும் என்பது. ஊரில் அவன் வீட்டுப் பெண்கள் நெல்லைத் தொட்டியில் ஊறப் போட்டு, அண்டாவில் அவித்து, களத்தில் பரப்பிக் காலால் துழாவிக் காயவைத்து, ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பதம் பார்த்து, உரலில் குத்திப் புடைத்தார்கள். கூடுதலாக ஊறினால் வாடை வரும். வேகம் குறைந்தால் நடுவில் வெள்ளை நிற்கும். அதிகம் காய்ந்தால் குத்தும்போது நொறுங்கும். இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

ஏன் அவிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் அவர்கள் உடல்நலத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவித்தால் உமி வாய் திறக்கும், குத்துவது சுலபம், நொய் குறைவு, வண்டு அவ்வளவாக விழாது, சோறு குழையாது, இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது பக்குவமாக இருக்கும். இவை எல்லாம் உழைப்பையும் சிக்கனத்தையும் சார்ந்த காரணங்கள். ஊறும்போதும் வேகும்போதும் தோலிலும் முளையிலும் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும், கழுவினாலும் அவ்வளவாகப் போவதில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. குன்னூர் ஆராய்ச்சிசாலையில் ஐக்ராய்டும் அவருடைய சகாக்களும் 1940-ல் வெளியிட்ட அரிசிப் பிரச்னை பற்றிய நூல் இதை விரிவாக அளந்து காட்டுகிறது. ஒரே ராஜதானியில் பச்சரிசி தின்ற சர்க்கார் கரையில் பெரிபெரி, புழுங்கல் தின்ற தமிழ் மாவட்டங்களில் அது அபூர்வம் என்ற புதிர் அதோடு தீர்ந்தது.

இதை மரபு அறிவு என்று அழைக்கலாமா? காரணம் தெரியாததால் அறிவு அல்ல என்றால், தகாகிக்கும் பிராடனுக்கும் காரணம் தெரியாது. அவர்களை யாரும் அறிவிலிகள் என்பதில்லை. முன்னோர்கள் அனைத்தும் அறிந்தே செய்தார்கள் என்றால், அது பொய். அவித்தவள் நோயைத் தடுக்க அவிக்கவில்லை. அவளுடைய காரணங்கள் அவளுக்குப் போதுமானவை, உண்மையானவையும்கூட. செய்கைக்குள் ஒரு அறிவு இருந்தது. அது எந்தக் கேள்விக்கு விடை என்று அந்தச் செய்கைக்குத் தெரிந்திருக்கவில்லை. கேள்வியை நோய் கொண்டுவந்தது, ஆலை அதைக் கூர்மையாக்கியது.

4

பழம்பெருமை பேசுகிறவர்கள் இதற்கு மேல் வர விரும்பமாட்டார்கள். நம் மரபே புழுங்கல் அரிசியைத் தாழ்த்தித்தான் வைத்தது. நைவேத்தியத்துக்கும் சிராத்தத்துக்கும் பச்சரிசிதான். புழுங்கல் ஒருமுறை நெருப்பையும் நீரையும் கண்டுவிட்டது, யார் கையிலோ வெந்தது, ஆகவே தீட்டு. பொங்கல் பானையிலும் பச்சரிசிதான் ஏறும். நோயைத் தடுத்த அரிசி கூலிக்காரன் அரிசி. தெய்வத்துக்கு ஏற்றது மற்றது. சாதி அடுக்கும் சத்து அடுக்கும் தலைகீழாக நின்றன. உரலில் குத்திய பச்சரிசியில் ஓரளவு தவிடு ஒட்டியிருந்ததால் உயர்ந்தவர்களுக்கு ஆபத்து இல்லாமல் போயிற்று. வெள்ளை வெளேரென்ற ஆலை அரிசி கௌரவச் சின்னமாக ஆனபோது அந்தக் காப்பும் போயிற்று.

சமையலறையும் முழுக்க ஞானமயமாக இல்லை. அரிசியைப் பலமுறை களைந்து, சோற்றைக் கஞ்சி வடித்துக் கொட்டினால் இருக்கும் சத்தில் ஒரு பங்கு தொட்டிக்குப் போகும். வடித்த கஞ்சியைக் குடித்தவர்கள் ஏழைகளும் மாடுகளும்.

ஐக்ராய்டுக்கு முன் 1935 வரை குன்னூரில் இருந்த மக்காரிசன் 1920-களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்து உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவு முதலிடம். மதராசி உணவு கடைசி. பால், கோதுமை, காய்கறி உள்ள சாப்பாடு வெறும் சோற்றை விட நல்லது என்பதில் பிசகில்லை. பிசகு, எலிகளின் எடையைப் போர்க்குடிகள், மற்றக் குடிகள் என்ற ராணுவப் பாகுபாட்டோடு சேர்த்துப் பார்த்ததில் இருந்தது. மதராசி எலி நோஞ்சானாக இருந்தது மதராசி கூலியின் வறுமையால். சீக்கியச் சாப்பாட்டுக்கு அவனிடம் காசு கிடையாது. பெரிபெரியிலிருந்து அவனைக் காத்த அதே சோறு, வேறு எதுவும் இல்லாத சோறு. மலாயாவில் பெரிபெரிக்குத் தப்பிய தமிழர்கள் மலேரியாவிலும் கொக்கிப்புழுவிலும் மாண்டார்கள். ஒரு நல்ல வழக்கம் இருந்தது என்பதற்காக ஒரு நல்ல வாழ்க்கை இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

5

மக்காரிசனும் விஸ்வநாதும் 1926-ல் வேறொரு கேள்வி கேட்டார்கள்: தொழு உரம் போட்ட நிலத்தில் விளைந்த தானியத்துக்கும் ரசாயன உரம் போட்ட நிலத்தில் விளைந்ததற்கும் சத்தில் வித்தியாசம் உண்டா? உண்டு என்று அவர்கள் கண்டார்கள். பிற்பாடு இது பெரிய சர்ச்சையாயிற்று. அந்த முடிவைவிட அந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருந்து ஒரு இலாகா, உரம் ஒரு இலாகா, நெல் ஒரு இலாகா என்று பிரிந்த பிறகு, உடம்பையும் வயலையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக் கேட்டவர்கள் குறைவு.

உரல் இருந்த வீட்டில் தவிடும் கழுநீரும் மாட்டுக்குப் போயின, சாணம் குப்பைக்குழிக்கு, எரு வயலுக்கு. ஆலை வந்தவுடன் தவிடு ஊரை விட்டுப் போயிற்று. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் ஆலைக்காரர்கள் மாதாமாதம் தரும் இருப்புப் பட்டியலில் நெல், அரிசி, நொய், தவிடு, உமி என்று ஐந்து வரி இருக்கிறது. தவிட்டுக்கு எதிரே ரூபாய்க் கணக்கு. எண்ணெய் எடுக்கப் போகும் அந்தத் தவிடு ஒரு காலத்தில் மாடாகவும் மண்ணாகவும் இருந்தது என்பதற்கு அங்கே வரி இல்லை. வங்கிக்கு அது தேவையும் இல்லை.

தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா இதைக் கணக்காகவே பார்த்தார். 1934-ல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தில் கைக்குத்தல் அரிசிக்காக அவர் வாதாடியபோது, சத்து, பெண்களின் வேலை, மாட்டுத் தீவனம் மூன்றையும் ஒரே பேரேட்டில் வைத்தார். 1945-ல் எழுதிய ‘நிலைத்த தன்மையின் பொருளாதாரம்’ என்ற கருத்துள்ள நூலில் அந்தப் பேரேடு முழு உலகுக்கும் விரிகிறது. ஆனால் உலக்கை பிடித்த கையின் வலிக்கு அவரிடம் போதிய பதில் இல்லை. ஆலை வந்தபோது பல வீடுகளில் பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அதைப் பாவம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கூலிக்குக் குத்தியவளுக்கோ அது பிழைப்புப் போன நாள். கைக்குத்தலைக் காக்க 1958-ல் ஆலைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, 1997-ல் ரத்தாயிற்று. 2021-ல் ரேஷன் அரிசியில் சத்துக் கலப்பதாக மத்திய அரசு அறிவித்தது. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கட்டாயம். முதலில் தீட்டி எடுப்பது, பிறகு மாவு பிசைந்து அரிசி உருவத்தில் கலப்பது என்று இரண்டு தொழில்.

மரபு அறிவைத் தொகுக்கிறோம் என்று இப்போது பலர் கிராமங்களுக்குப் போகிறார்கள். போக வேண்டியதுதான். மூலிகையின் பெயரையும் உபயோகத்தையும் குறித்துக்கொண்டு வருகிறவர்கள், அதைப் பறித்தது யார், காயவைத்தது யார், என்ன கூலி, அந்தச் செய்கையைத் தாழ்த்தி வைத்தது யார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். கோலாலம்பூரில் புழுங்கல் தின்று பிழைத்தவர்களின் கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. நெல்லைக் கடித்துப் பதம் பார்த்தவள் எந்த அட்டவணையிலும் இல்லை.