கண்டித் தமிழரும் குருநாகல் ஆயர் பீடமும்

கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே, நாத தேவாலயத்தையும் பத்தினி தேவாலயத்தையும் அடுத்து, செங்கல்லால் எழுப்பப்பட்ட தூய பவுல் ஆலயம் நிற்கிறது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அதன் பின்னர், 1840களில், பிரித்தானியப் படையினரும் அதிகாரிகளும் வழிபடுவதற்காகக் கட்டப்பட்ட ஆலயம் இது. ஆனால் கண்டி அங்கிலிக்கன் சபைகளுக்குத் தலைவரான ஆயரின் பீடம் கண்டியில் இல்லை. அது ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள குருநாகலில் இருக்கிறது. இந்தப் பீடத்தின் வரலாற்றிலே தமிழருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு என்பதை நம்மவரில் பலர் அறியார்.

தொடக்கத்தில் இலங்கை அங்கிலிக்கன் சபைகள் கல்கத்தா ஆயரின் பொறுப்பிலும், பின்னர் சென்னை ஆயரின் பொறுப்பிலும் இருந்தன. 1845இல் கொழும்பு மறைமாவட்டம் உருவாகி, ஜேம்ஸ் சாப்மன் முதல் ஆயரானார். எனினும் மலைநாட்டில் களப்பணி பெரும்பாலும் சி.எம்.எஸ். என்னும் மிஷன் சங்கத்தின் கையிலேயே இருந்தது. 1818இல் இலங்கைக்கு வந்த அச்சங்கமே, 1857இல் கண்டியில் பின்னாளைய திரித்துவக் கல்லூரிக்கு வித்திட்டது.

அக்காலத்தில் மலைச்சரிவெங்கும் கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் மடிந்தோர் பலர். இவர்களிடையே பணியாற்ற 1854இல் ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வந்தனர். தோட்டத் துரைமார் பணம் கொடுத்தனர். அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. அந்தக் காலம் இம்மக்களை எவ்வாறு பார்த்தது என்பதற்கு அப்பெயர் ஒன்றே போதும்.

1876இல் ரெஜினோல்ட் கொப்பிள்ஸ்டன் கொழும்பு ஆயராக வந்தார். அப்போது அவருக்கு வயது 30 மட்டுமே. தம் எல்லைக்குள் நடக்கும் திருப்பணி யாவும் தம் மேற்பார்வைக்கு உட்பட்டது என்பது அவர் நிலைப்பாடு. தோட்டத் தமிழர் மத்தியில் நடந்த பணியைத் துரைமாருக்கு ஊழியம் செய்த குருமாரின் கீழ்க் கொண்டுவர அவர் முனைந்தார். சி.எம்.எஸ். மிஷனரிகள் மறுத்தனர். ஆயர் அவர்களுடைய உரிமங்களை மீளப் பெற்றார். இலங்கையில் மூண்ட இந்தப் பூசல் இங்கிலாந்து வரை எட்டியது. அங்குள்ள பேராயர்களும் மூத்த ஆயர்களும் 1880இல் வழங்கிய கருத்துரைக்குப் பின்னரே அது தணிந்தது.

தோட்டத் தமிழரை யார் மேய்ப்பது என்பதே வழக்கு. ஆயர் ஒருபுறம், சங்கம் மறுபுறம். மேய்க்கப்பட வேண்டியவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. எழுத்தறிவும் நிலமும் இன்றி லயன் அறைகளில் வாழ்ந்த அம்மக்களுக்கு, தம்மைப் பற்றித்தான் இத்தனை வாதம் நடந்தது என்பது தெரிந்திருக்குமா என்பதும் ஐயமே.

காலம் மாறியது. 1880களில் அரசாங்க மானியம் நிறுத்தப்பட்டது. திருச்சபை சொந்தக் காலில் நிற்கப் பழகியது. சுதந்திரத்திற்குப் பின், 1950இல், கொழும்பிலிருந்து பிரிந்து குருநாகல் மறைமாவட்டம் உதயமானது. கண்டியும் மாத்தளையும் அதனுள் அடங்கின. முதல் ஆயர் லக்தாச டி மெல். அங்கிலிக்கன் ஆயராக உயர்ந்த முதல் இலங்கையரும் அவரே. குருநாகல் பேராலயம் கண்டிய மரபைத் தழுவிய கட்டடக்கலையில் அவர் காலத்திலேயே எழுந்தது. கண்டித் திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் கற்றூண்களோடும் டேவிட் பெயின்டரின் சுவரோவியங்களோடும் முன்னரே அவ்வழியைக் காட்டியிருந்தது.

திருச்சபை இவ்வாறு மண்ணோடு ஒட்டத் தொடங்கிய அதே ஆண்டுகளில், மலையகத் தமிழர் அம்மண்ணுக்கு அந்நியராக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையையும், 1949ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தன. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. குடும்பங்கள் பிரிந்தன. சென்றவர்களோடு மலையகத்தின் தமிழ்ச் சபைகளும் மெலிந்தன.

1962இல் டி மெல் கல்கத்தாவுக்குத் தலைமைப் பேராயராகச் சென்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆன்மிகப் பணியாற்றிய லக்ஷ்மன் விக்ரமசிங்க, 35 வயதில் குருநாகல் ஆயரானார். செல்வாக்கு மிக்க சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பின்னாளில் ஜனாதிபதியான ரணில் விக்ரமசிங்கவின் சிறிய தந்தை. ஆயினும் அவர் தேர்ந்துகொண்டது எளியோரின் பக்கத்தை. 1971 கிளர்ச்சியின் பின் உருவான சிவில் உரிமைகள் இயக்கத்தில் முன்னின்று உழைத்தார்.

1983 ஜூலை வன்முறை வெடித்தபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். கொழும்பில் மூண்ட தீ கண்டிக்கும் மாத்தளைக்கும் பரவியது. அவருடைய மறைமாவட்டத்திலேயே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இதய நோயாளியாயிருந்தும் அவர் நாடு திரும்பிப் பாதிக்கப்பட்டோரைச் சந்தித்தார். செப்டெம்பரில் மறைமாவட்டப் பேரவையில் ஆற்றிய உரையில், தற்காப்பற்ற தமிழர் மீது நடத்தப்பட்ட கொடுமைக்கு எந்த நியாயமும் இல்லை என்றார். சிங்களவர் என்ற வகையில் அதற்காக வெட்கப்பட வேண்டும், மன்னிப்புக் கோர வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். அரசின் உயர்பீடத்திலிருந்து அனுதாபச் சொல்கூட வராத நாட்கள் அவை. சில வாரங்களில், 1983 அக்டோபர் 23இல், தமது 56ஆவது வயதில் அவர் காலமானார்.

ஒரு மனிதரின் மன்னிப்பால் எரிந்த கடை மீளாது, இறந்தவர் எழார். அதை நாம் அறிவோம். ஆயினும் 1876இல் ஓர் ஆயர் தமிழர் மீது தமக்குள்ள அதிகாரத்தை நிலைநாட்ட முயன்றார். 107 ஆண்டுகள் கழித்து, அதே திருச்சபையின் இன்னோர் ஆயர் தமிழரிடம் தம் இனம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அந்தத் தூரத்தைக் கடந்த பீடங்கள் இலங்கையில் அதிகமில்லை. நம் இழப்புகளை எழுதிவைக்கும் ஏட்டில் இதையும் ஒரு வரியாகக் குறித்துவைப்பது நம் கடமை.