ஊரறிய ஒரு பொய்

பொன்னேரியில் சித்திரை மாதம் ஒரு விசேஷம் உண்டு. கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீசுவரரும் தத்தம் கோயிலிலிருந்து புறப்பட்டு வந்து, வீதியில் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். என் சிறுவயதில், அந்தக் கூட்டத்தில் ஒரு வயதான தம்பதியைத் தவறாமல் பார்ப்பேன். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார், இந்து. அந்த அம்மாளோ பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பத்துப் பெண். 1948-ல் மணந்துகொண்டவர்கள்.

"எங்கள் கலியாணமே ஒரு பொய்யில்தான் ஆரம்பித்தது, தம்பி" என்று வாத்தியார் சிரிப்பார். அது என்ன பொய் என்பது, பிற்பாடு சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் எனக்கு விளங்கிற்று.

வேடிக்கை என்னவென்றால், கலியாணச் சடங்கு தோன்றியதே பொய்யைத் தடுக்கத்தான். காதலித்தவர்கள் பொய் சொல்லவும் வழுவவும் தொடங்கிய பிறகே பெரியோர்கள் சடங்கை வகுத்தார்கள் என்கிறது தொல்காப்பியம். அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் வரும் கலியாணத்தில் ஓமமும் இல்லை, புரோகிதரும் இல்லை. பந்தலில் மணல் பரப்பியிருக்கிறது. உளுந்து சேர்த்த சோற்றைச் சுற்றத்தார் உண்கிறார்கள். பிள்ளை பெற்ற மங்கலப் பெண்கள் நால்வர், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். சிலப்பதிகாரத்துக்கு வந்தால் முதிய அந்தணரும் தீவலமும் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அங்கேயும், பெண்களை யானைமேல் ஏற்றிப் புகார் நகரம் முழுவதும் சேதி சொல்லி அனுப்புகிறார்கள். சடங்குகள் மாறின, நாலு பேர் அறிய நடக்கவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

சரி, அந்த நாலு பேரும் சம்மதிக்காத வேற்று மதக் கலியாணமானால்? கேசவ சந்திர சேனும் பிரம்ம சமாஜத்தாரும் தங்கள் விவாகங்களுக்குச் சட்டபலம் கேட்டதன்பேரில், வெள்ளைக்கார சர்க்கார் 1872-ல் ஒரு சட்டம் செய்தது. பதிவாளர் முன்னிலையில் மூன்று சாட்சிகளோடு மணந்துகொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை: நான் இந்துவும் அல்ல, முஸ்லிமும் அல்ல, கிறிஸ்தவனும் அல்ல என்று வரிசையாக மறுத்துக் கையெழுத்திட வேண்டும்! 1923-ல் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்கள் தங்களுக்குள் மணந்தால் மறுக்க வேண்டியதில்லை என்று திருத்தினார்கள். இந்துவும் முஸ்லிமும் மணந்தால் பழைய பொய்யேதான்.

1955 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த விசேஷ விவாகச் சட்டம் அந்தப் பொய்யை ஒழித்தது. அவரவர் மதத்தோடு அவரவர் இருக்கலாம். அதே 1955-ல் வந்த இந்து விவாகச் சட்டமும், சுயமரியாதைத் திருமணத்தை அங்கீகரித்த 1967-ஆம் வருஷத்து நம் மாநிலச் சட்டமும் இரு இந்துக்களுக்கே உதவும். மதம் மாறாமல் முஸ்லிமை மணக்கும் இந்துவுக்கு விசேஷ விவாகச் சட்டமே கதி. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். அதை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். புகாரில் யானை செய்த வேலையை இங்கே ஒரு காகிதம் செய்கிறது! ஆனால் யானையின் பின்னால் வாழ்த்துகிறவர்கள் வந்தார்கள். காகிதத்தைப் படித்துவிட்டு யார் வருவார்களோ என்று முப்பது நாளும் நடுங்குகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

வாத்தியாரிடம் ஒருநாள் கேட்டேன், பொய்க் கையெழுத்து உறுத்தவில்லையா என்று.

"அன்று சாயங்காலமே நான் விளக்கேற்றினேன், அவள் தொழுதாள். அதற்கப்புறம் பொய் சொல்லத் தேவையே வரவில்லை, தம்பி. சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூன்று சிநேகிதர்களைத் தவிர, வாழ்த்த ஒருவரும் வரவில்லை. அதுதான் உறுத்திற்று."

அந்த வருஷத்துச் சந்திப்பு உற்சவத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. முன்வரிசையிலிருந்த பாட்டி ஒருத்தி திரும்பிப் பார்த்து, "வாத்தியார் வீட்டம்மா வந்திருக்காங்க, வழி விடுங்கடி!" என்று அதட்டினாள். பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். அந்த அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னே போய் நின்றாள்.

ஊர் அறிந்துகொள்ள நாற்பது வருஷம் ஆகியிருந்தது.