யாழ்ப்பாணத்து மனைத்தோட்டமும் மழைநீரும்

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வடகீழ்ப் பருவமழையே நீர்முதல். அம்மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கிணறு தருவது அதனையே. நாற்சார் வீட்டுக் கூரைநீர் முற்றத்திற் சொரிந்தது. குளித்த நீர் வாய்க்கால்வழி வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது. துலாவால் இறைத்த அக்காலத்தில் உடல்வலிமையே நீர்ச்செலவிற்கு எல்லையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீரிறைக்கும் இயந்திரம் பரவ, அவ்வெல்லை நீங்கிற்று; மிகுதியாக இறைத்த இடங்களிற் கிணறுகள் உவர்த்தன. 2005 இல் இலங்கை அரசு மழைநீர்ச் சேகரிப்புக் கொள்கையை வகுத்தது. கூரைநீரைப் பீலிவழி தொட்டியில் தேக்கித் தோட்டத்திற்கு ஊற்றுவோர், அவ்வளவு நீரைக் கிணற்றில் விட்டுவைக்கின்றனர். தொட்டி நிரம்பி வழிவதைக் குழிவழி நிலத்துள் இறக்கின், எடுத்ததையும் ஈடுசெய்கின்றனர். துலா வகுத்த அளவை இனி நாமே வகுத்தல் வேண்டும்.